இருப்புப்பாதையின் இலக்கணம்

கல்விக் கூடங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் செறிந்து விளங்கும் தரமணி, சென்னை மாநகரின் தென்பகுதியில் உள்ளது. அவ்வூரின் வழியாக, உயர்ந்த தூண்களின்மேல் அமைந்த இருப்புப்பாதையில், 2007-ஆம் ஆண்டு முதல் மின்வண்டிகள் ஓடி வருகின்றன. மாலை நேரத்தில் அந்நிலையத்தின் மேடையில் நிற்கும் மாணவன் ஒருவன் பாதையை உற்று நோக்குவானாயின், அதன் ஓரத்தில் ஒரு விளக்குக் கம்பத்தைக் காண்பான். அதில் செவ்விளக்கு எரிந்தால் வண்டி நிற்கிறது. பச்சை விளக்கு எரிந்தால் வண்டி செல்கிறது. வண்டியினுள் இருப்போர் செய்தித்தாள் படிப்பர், உரையாடுவர், கண்ணயர்வர். பச்சை விளக்கு எரியும் அந்தக் கணத்தில், வண்டியின் முன்னே பாதை உண்மையாகவே திறந்திருக்கிறது என்பதற்கு உறுதி யாது என்று அவருள் ஒருவரும் கேட்பதில்லை. கேளாமலேயே நம்பும் அந்த நம்பிக்கையின் பின்னே நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றின் நடுநாயகமாக நிற்பது, இன்று பெரும்பாலும் பயன்பாட்டினின்று நீங்கிவிட்ட, நெம்புகோல் சட்டம் என்னும் இரும்புக் கருவியாகும்.

இருப்புப்பாதை தோன்றிய தொடக்க நாளில், வண்டியை நிறுத்துதற்கும் செலுத்துதற்கும் மனிதரே கொடியும் விளக்கும் ஏந்தி நின்றனர். பின்னர், உயர்ந்த கம்பத்தின் உச்சியில் கைபோன்ற பலகை ஒன்றை மாட்டி, அதனை நீட்டியும் தாழ்த்தியும் குறிப்புக் காட்டும் முறை வந்தது. தமிழ் மக்கள் அதற்குக் 'கைகாட்டி' என்று அழகிய பெயர் இட்டனர். கை கிடையாக நீண்டிருந்தால் 'நில்' என்றும், சாய்ந்து தாழ்ந்திருந்தால் 'செல்' என்றும் பொருள். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நாப்போன்று கூர்மையான இரு தண்டவாளங்கள் இடமும் வலமுமாக நகர்ந்து, வண்டி செல்லும் வழியை முடிவு செய்யும். கைகாட்டியை ஒருவன் இயக்கினான்; பாதை மாற்றும் தண்டவாளத்தை மற்றொருவன் இயக்கினான். இருவர் கருத்தும் ஒன்றாக இருந்தவரையில் துன்பமில்லை. ஒருவன் மறந்தாலோ, அவசரப்பட்டாலோ, கைகாட்டி ஒரு வழியைச் சொல்ல, தண்டவாளம் வேறொரு வழியில் வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். விளைவு பேரிழப்பே ஆகும்.

இக்குறையை நீக்க முயன்றவருள் முதன்மையானவர் ஜான் சாக்ஸ்பி என்னும் ஆங்கிலேயர். 1821-ஆம் ஆண்டில் பிறந்த இவர், இளமையில் தச்சுத் தொழில் பயின்றவர். கைகாட்டியையும் பாதை மாற்றும் தண்டவாளத்தையும் ஒன்றோடொன்று இணைத்து இயக்கும் கருவிக்கு இவர் 1856-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். தென்னிந்தியாவின் முதற் பயணிவண்டி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டின் ஜூலைத் திங்கள் முதல் நாளிலேயாம். சாக்ஸ்பியும் அவர்காலத்துப் பொறியாளர் பிறரும் அக்கருவியை மேன்மேலும் திருத்தினர். ஒரு நெம்புகோல் இழுக்கப்பட்டபின் அதற்கு முரணான மற்றொரு நெம்புகோல் நகர இயலாதவாறு பூட்டும் அமைப்பு அவ்வாறே உருவாயிற்று.

ஆயினும், நன்மை தருவதெல்லாம் உடனே உலகினரால் ஏற்கப்படுவதில்லை. செலவு மிகுதி என்று தயங்கிய இருப்புப்பாதைக் குழுமங்கள் பல. 1889-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், அயர்லாந்து நாட்டில் அர்மா என்னும் ஊருக்கு அருகே, சிறுவர்களை இன்பச் செலவுக்கு ஏற்றிச் சென்ற வண்டியின் பெட்டிகள் சரிவில் பின்னோக்கி உருண்டு, பின்னே வந்த வண்டியின்மீது மோதின. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவருள் பலர் சிறுவர். அதன் பின்னரே, அவ்வாண்டில் இயற்றப்பட்ட பிரித்தானியச் சட்டம், வண்டி முழுமைக்கும் பயன்படும் தடையையும், கைகாட்டிகளோடு தண்டவாளங்களைப் பூட்டும் முறையையும் கட்டாயமாக்கிற்று. காக்கும் கருவி ஒன்று இருந்தும் அதனைக் கைக்கொள்ளக் காலம் தாழ்த்திய உலகம், அறிவுக்குக் கொடுத்த விலை மிகப் பெரிது.

நெம்புகோல் சட்டம் எவ்வாறு இருக்கும் என்பதை இனிக் காண்போம். தொழிலாளர் 'கேபின்' என்று வழங்கும் உயர்ந்த அறையில், ஆள் உயரத்தை ஒட்டிய இரும்புக் கோல்கள் வரிசையாக நிற்கும். சிறிய நிலையத்தில் சில கோல்கள். பெரிய சந்திப்பில் நூற்றுக்கு மேலும் உண்டு. இங்கிலாந்தில் சுரூசுபரி நகரத்தில் 1903-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அறையில் 180 கோல்கள் உள்ளன. நிறுத்தும் கைகாட்டிக்குரிய கோலுக்குச் சிவப்பும், தண்டவாளத்தை மாற்றும் கோலுக்குக் கறுப்பும், மாற்றிய தண்டவாளத்தை அசையாது இறுக்கும் தாழ்க்கோலுக்கு நீலமும், பயன்படாத கோலுக்கு வெள்ளையும் பூசுவது மரபு. அறையிலிருந்து தண்டவாளம் வரையில் இரும்புக் குழாய்களும், கைகாட்டி வரையில் எஃகுக் கம்பிகளும் செல்லும்.

இக்கம்பிகளிலும் நுட்பம் உண்டு. வெயிலில் எஃகு நீளும், குளிரில் சுருங்கும். 500 மீட்டர் நீளமுள்ள கம்பி, வெப்பம் 25 பாகை உயர்ந்தால், ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீண்டுவிடும். நீண்ட கம்பி தொய்யும். தொய்ந்தால் கைகாட்டி அரைகுறையாகத் தாழ்ந்து ஐயத்தை விளைக்கும். ஆதலின், காலையிலும் நண்பகலிலும் கம்பியின் இறுக்கத்தைத் திருத்திக் கொள்ளுதற்கு அறையிலேயே ஒரு பொறி வைத்தனர். கம்பி அறுந்துபோகுமாயின், கம்பத்திலுள்ள எதிர் எடை கையைத் தானே கிடையாக்கி, 'நில்' என்னும் குறிப்பைக் காட்டும். பழுது நேர்ந்தாலும் அது பாதுகாப்பின் பக்கமே சாயவேண்டும் என்பது அக்காலப் பொறியாளர் கொண்ட கொள்கை.

எனினும், நெம்புகோல் சட்டத்தின் உயிர்நிலை கண்ணுக்குத் தெரியும் கோல்களில் இல்லை. அவற்றின் கீழே மறைந்திருக்கும் பூட்டில் உள்ளது. நான்கே கோல்கள் கொண்ட ஒரு சிறு சட்டத்தைக் கருதுவோம். முதற் கோல் நேர்பாதைக்குரிய கைகாட்டி. இரண்டாவது கிளைப்பாதைக்குரிய கைகாட்டி. மூன்றாவது தண்டவாளத்தை மாற்றுவது. நான்காவது அத்தண்டவாளத்தைத் தாழிடுவது. மூன்றாம் கோல் இழுக்கப்படாதபோது தண்டவாளம் நேர்பாதையை நோக்கியிருக்கும்; இழுக்கப்பட்டபோது கிளைப்பாதையை நோக்கும். ஒவ்வொரு கோலுக்கும் இழுத்த நிலை, இழுக்காத நிலை என இரண்டு நிலைகள். ஆகவே, நான்கு கோல்களும் சேர்ந்து 16 வகையாக நிற்கக்கூடும். இப்பதினாறனுள் தீங்கற்றவை எத்தனை என்று ஆராய்வோம்.

தாழ் இடப்படாத வேளையில் கைகாட்டி எதுவும் தாழலாகாது. அப்போது தண்டவாளம் நேராகவோ கிளையாகவோ இருக்கலாம். இவை இரண்டு நிலைகள். தாழிட்டுத் தண்டவாளம் நேராக இருக்கும்போது, முதற் கைகாட்டி மட்டும் தாழலாம், அல்லது தாழாதிருக்கலாம். இவை இரண்டு. தாழிட்டுத் தண்டவாளம் கிளையை நோக்கும்போது, இரண்டாம் கைகாட்டி மட்டும் தாழலாம், அல்லது தாழாதிருக்கலாம். இவையும் இரண்டு. ஆக, பதினாறனுள் ஆறு நிலைகளே தகுவன. எஞ்சிய பத்தும் தகாதன. அப்பத்தனுள் ஒன்று நேர்ந்தாலும் ஆபத்து அணுகக்கூடும். நன்றாகச் செய்த சட்டம் ஆறு நிலைகளுக்கு வழிவிடும். பத்து நிலைகளையும் மறுத்துவிடும்.

இதனை இருப்புப்பாதையின் இலக்கணம் எனலாம். மொழியில் எழுவாயும் பயனிலையும் தம்முள் இயைய வேண்டும். 'அவன் வந்தாள்' என்று ஒருவன் எழுதினால், இலக்கணம் அதனை வழு என்று விலக்கும். கைகாட்டி எழுவாய் எனின், தண்டவாளம் பயனிலை. இரண்டும் இயைந்தால் வழாநிலை, இயையாவிடின் வழு. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மொழியில் வழு நேர்ந்தபின் ஆசிரியர் திருத்துவார். இருப்புப்பாதையில் வழு நேர்ந்தபின் திருத்துதற்கு இடமில்லை. ஆகவே, வழு பிறவாமலே தடுப்பது அப்பூட்டின் தொழில்.

அது தடுக்கும் முறை மிக எளியது. ஒவ்வொரு கோலின் அடியிலும் எஃகுப் பட்டை ஒன்று இணைந்திருக்கும். அப்பட்டையின் ஓரத்தில் சரிவான பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். பட்டைகளுக்கு இடையே சிறு பூட்டுக் கட்டைகள் பக்கவாட்டில் நகரும். ஒரு கோலை இழுக்கும்போது அதன் பட்டை நகர்ந்து, பள்ளத்தில் இருந்த கட்டையை வெளியே தள்ளும். தள்ளுண்ட கட்டை அடுத்த பட்டையின் பள்ளத்தினுள் நுழைந்து, அதனை அசையாமற் பிடித்துக்கொள்ளும். பின்னர், அந்த அடுத்த கோலை எத்துணை வலிமையுடையவன் இழுப்பினும் அது நகராது. முன்னதைப் பழைய நிலைக்குக் கொண்டு வந்தால்தான் பின்னது விடுபடும்.

காலம் மாறிற்று. மின்விசையாலும் பின்னர் மின்னணுவியலாலும் இயங்கும் பூட்டு முறைகள் வந்தன. இந்தியாவிலும் பெரும்பாலான நிலையங்களில் பழைய கோல்கள் அகற்றப்பட்டன. வேலை எளிதாயிற்று, விரைவு மிகுந்தது, தொழிலாளரின் உடலுழைப்புக் குறைந்தது. இம்மாற்றம் வேண்டிய மாற்றமே. ஆயினும், அகற்றிய இரும்பு முழுவதும் உலைக்களத்துக்குச் சென்றுவிட்டால், அதனோடு ஒரு கலையறிவும் உருகிப்போகும் என்று உணர்ந்தோர் சிலர் இருந்தனர். அவர்களே பழைய நெம்புகோல் சட்டங்களைப் புதுப்பிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள்.

இத்தகைய தொண்டர்களின் முயற்சிக்கு வேல்ஸ் நாட்டின் தாலிலின் இருப்புப்பாதை வழிகாட்டியது. மூடப்படும் நிலையிலிருந்த அப்பாதையை 1951-ஆம் ஆண்டு முதல் தன்னார்வத் தொண்டர்கள் ஏற்று நடத்தினர். அதன்பின் பிரித்தானியா எங்கும் இத்தகைய முயற்சிகள் பெருகின. இலண்டனுக்கு வடக்கேயுள்ள செயின்ட் ஆல்பன்ஸ் நகரத்தில் 1892-ஆம் ஆண்டில் எழுந்த கைகாட்டி அறை ஒன்று, 1979-ஆம் ஆண்டில் பணி ஓய்ந்து பாழடைந்து கிடந்தது. அதனைக் காக்க 2003-ஆம் ஆண்டில் அறக்கட்டளை ஒன்று அமைந்தது. தொண்டர்கள் விடுமுறை நாட்களில் கூடி உழைத்து, அறையையும், அதிலுள்ள நாற்பதுக்கு மேற்பட்ட கோல்களையும், அவற்றின் பூட்டையும் மீண்டும் இயங்கச் செய்தனர். அறைக்கு அருகே இன்றும் விரைவு வண்டிகள் ஓடுகின்றன. ஆயினும் அவ்வண்டிகளை இக்கோல்கள் ஆள்வதில்லை. பார்வையாளர் தாமே கோலை இழுத்து, பூட்டின் இயல்பைக் கைப்பட அறிந்து செல்கின்றனர்.

புதுப்பிக்கும் வேலை பொறுமையைச் சோதிப்பது. முதலில் எதனையும் கழற்றலாகாது. ஒவ்வோர் உறுப்பையும் அளந்து, படம் வரைந்து, எண் இட்ட பிறகே திருகாணியைத் தொடவேண்டும். இறுகிப்போன திருகாணிகளில் எண்ணெய் ஊற்றி நாட்கணக்கில் ஊறவிட வேண்டும். சம்மட்டியால் அடித்தால் வார்ப்பிரும்பு பிளந்துவிடும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்னும் பழமொழி இங்கே மெய்யாகும். கம்பித் தூரிகையால் துருவை நீக்கி, துருத்தடுப்புப் பூச்சுப் பூசி, அதன்மேல் உரிய வண்ணம் தீட்டினால், கோல்கள் மணமகனைப்போல் மிடுக்காக நிற்கும். காண்பவர் கண்களுக்கு வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும்.

உண்மையில், கடினமான பகுதி அப்போதுதான் தொடங்குகிறது. பல்லாண்டு உழைத்த பூட்டுக் கட்டைகள் தேய்ந்திருக்கும். தேய்ந்த கட்டை கோலைச் சரிவரப் பிடிக்காது; வலிந்து இழுத்தால் கோல் நழுவி வந்துவிடும். புதிய கட்டை செய்து இட்டால், அது சிறிது பெரிதாகி, நகரவேண்டிய கோலையும் தடுத்துவிடும். அரத்தால் சிறிது சிறிதாக அராவி, இட்டுப் பார்த்து, மீண்டும் எடுத்து அராவ வேண்டும். வண்ணம் தீட்டிய கோல்களை மட்டும் கண்டு மகிழ்வோருக்கு இவ்வுழைப்பு புலப்படாது. பூட்டுப் பகுதி தரைக்குக் கீழே மறைந்திருப்பது. அதனைச் செப்பனிடாமலே விட்டாலும் கேட்பார் இலர். கேட்பார் இல்லாத இடத்திலும் செம்மையாகச் செய்பவனே உண்மைத் தொழிலாளன்.

வேலை முடிந்தபின் அவர்கள் செய்யும் சோதனை சிந்தித்தற்குரியது. நகரவேண்டிய கோல்கள் நகர்கின்றனவா என்று பார்ப்பது சோதனையின் பாதி மட்டுமே. நகரக் கூடாத கோல்கள் நகராதிருக்கின்றனவா என்று பார்ப்பதே மற்றப் பாதி. அதுவே பெரும் பாதி. பூட்டு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, தகாத நிலை ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே முயன்று பார்ப்பர். கோல் மறுக்க வேண்டும். பத்துத் தகாத நிலைகளுள் ஒன்பதை மறுத்து ஒன்றுக்கு இடங்கொடுக்கும் சட்டம், எத்துணை அழகாக இருப்பினும், பூட்டற்ற சட்டமே ஆகும். நகர மறுக்கும் கோலைக் கண்டு மகிழ்வது இக்கலைக்கே உரிய தனிச்சிறப்பு.

இது பழம்பொருள் விரும்பிகளின் வேடிக்கை அன்று. 2023-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் மாலையில், சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு வண்டி, ஒடிசா மாநிலத்தில் பாலசோர் அருகே பகநாகா பஜார் நிலையத்தை அடைந்தது. நேர்பாதையில் செல்லுமாறு பச்சை விளக்கு எரிந்தது. தண்டவாளமோ கிளைப்பாதையை நோக்கி இருந்தது. கிளைப்பாதையில் நின்ற சரக்கு வண்டியின்மீது விரைவு வண்டி மோதிற்று. தடம் புரண்ட பெட்டிகள் எதிர்த்திசையில் சென்ற மற்றொரு வண்டியையும் தாக்கின. 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முன்னர் நடைபெற்ற மாற்று வேலைகளில் கம்பி இணைப்பில் நேர்ந்த பிழையே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அங்கே இருந்தது பழைய இரும்புக் கோல் அன்று. புதிய மின்னணுப் பூட்டு. கருவி புதிதாயினும் அதன் இலக்கணம் பழையதே. எழுவாய் ஒன்று சொல்ல, பயனிலை மற்றொன்று ஆயிற்று. தண்டவாளத்தின் உண்மை நிலையைப் பூட்டுக்கு அறிவிக்க வேண்டிய கம்பியே பொய்யுரைத்தபின், பூட்டு என் செய்யும்? பழுது பார்த்தபின் தகாத நிலைகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் பழக்கம் எத்துணை இன்றியமையாதது என்பதை அந்நிகழ்ச்சி துயரத்தோடு உணர்த்துகிறது.

தமிழ்நாட்டிலும் பழையதைப் புதுக்கும் கைத்திறனுக்குக் குறைவில்லை. 1855-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட 'எக்ஸ்பிரஸ்' என்னும் நீராவி எஞ்சின் நெடுங்காலம் காட்சிப் பொருளாக நின்றுவிட்டது. அதனைப் பெரம்பூர் எஞ்சின் தொழிற்சாலையினர் செப்பனிட்டு, 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் சென்னையிலிருந்து ஆவடிக்கு ஓடச் செய்தனர். சென்னையில் 2002-ஆம் ஆண்டு முதல் இரயில் அருங்காட்சியகம் ஒன்றும் உள்ளது. கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் கைகாட்டிக் கருவிகளைச் செய்யும் தொழிற்சாலை இயங்கி வருகிறது.

ஒருவர் ஓய்வு நேரத்தில் தேடிக் காப்பது நாட்டுக்கே செல்வமாகும் என்பதற்குத் தரமணியே சான்று. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, பழந்தமிழ் நூல்களையும் இதழ்களையும் அறிக்கைகளையும் ஆர்வத்தோடு திரட்டினார். அவர் 1992-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் திரட்டிய செல்வம் சிதறாமல், 1994-ஆம் ஆண்டில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. அந்நூலகம் இப்போது தரமணியில் உள்ளது. ஆராய்ச்சியாளர் பலரும் அதனை நாடி வருகின்றனர். பிறர் கழிவென்று ஒதுக்கிய தாளில் அவர் வரலாற்றைக் கண்டார். பிறர் பழைய இரும்பென்று ஒதுக்கிய கோலில் அறிவைக் காண்போரும் அத்தகையோரே.

மாணவர்களும் இப்பொழுதுபோக்கைச் சிறிய அளவில் மேற்கொள்ளலாம். இருப்புப்பாதையில் உள்ள கம்பியையோ கருவியையோ ஒருபோதும் தொடுதல் கூடாது, அது குற்றம், உயிருக்கும் கேடு. ஆனால் நான்கு மரக்கீற்றுகளும், சில கட்டைகளும், ஓர் அரமும் இருந்தால், மேலே கூறிய நான்கு கோல் சட்டத்தின் மாதிரியைப் பள்ளித் தச்சுப் பட்டறையிலேயே செய்யலாம். பதினாறு நிலைகளையும் தாளில் எழுதி, தகும் ஆறும் இயங்குகின்றனவா, தகாத பத்தும் மறுக்கப்படுகின்றனவா என்று சோதிக்கலாம். முதன்முறை செய்யும்போது பூட்டு எங்கேனும் பிழைபடும். அப்பிழையைத் தேடிக் கண்டு திருத்தும் மாணவன், நூல்கள் பல கற்றும் பெறாத தெளிவைப் பெறுவான்.

தரமணி நிலையத்தில் மீண்டும் விளக்கு மாறுகிறது. சிவப்பு மறைந்து பச்சை தோன்றுகிறது. வண்டி புறப்படுகிறது. பச்சை விளக்கு 'செல்' என்று சொல்வதை யாவரும் காண்பர். அவ்வொரு சொல்லைச் சொல்லுமுன், சொல்லத் தகாத எத்தனையோ சொற்களைச் சொல்ல மறுத்த பூட்டு ஒன்று மறைவில் இருக்கிறது என்பதை அறிந்தோர் சிலரே. மறுக்க வேண்டியதை மறுக்கும் உறுதி இருந்தால்தான், இசைய வேண்டியதற்கு இசையும் சொல்லுக்கு மதிப்பு உண்டு. இருப்புப்பாதைக்கும் அதுவே இலக்கணம்; மக்கள் வாழ்க்கைக்கும் அதுவே இலக்கணம்.